நீலக் கூடையில் தீக்குச்சி

கோவில்பட்டி,
ஞாயிறு காலை.

அன்பு மகன் பூவனநாதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் புருவம் மட்டும் கருகிப்போய் இப்போதுதான் முளைக்கிறது. டப்ளின் குளிரில் நீயும் மருமகள் ஐஸ்வர்யாவும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க சாமியை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் திருத்துவார், அதனால்தான் எழுதுகிறேன்.

குப்பையைப் பிரித்துப் போட்டாலும் கடைசியில் எல்லாம் ஒரே குழிக்குத்தான் போகிறது, அம்மா பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுவது வெட்டி வேலை என்று போன மாதம் பெரிய மேதாவி மாதிரி சொன்னாய் அல்லவா, அப்பாவுக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. மறுநாளே, கொல்லையில் கிடந்த நம் தீப்பெட்டி ஆபீஸ் கழிவு மூட்டையைத் தூக்கி, காய்ந்த குப்பைதானே என்று நீலக் கூடையில் திணித்துவிட்டார். அதில் தலை சரியாகப் பிடிக்காத குச்சியும், உரசும் மருந்து தடவிய ஒடுங்கிப்போன பெட்டியும் கலந்து கிடந்தன. ஆபீசில் யாராவது இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்ததும் மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றி விட்டுவிடுகிறார்.

குப்பை வண்டி ஓட்டி வரும் முத்துசெல்வி அதை வண்டியில் கொட்டி அமுக்கினாள். தெருமுனையைத் தாண்டவில்லை, குபீரென்று பற்றிக்கொண்டது. அவள் குதித்துத் தப்பினாள். அப்பா குடத்தோடு ஓடி, புருவத்தைக் கொடுத்துத் தீயை அணைத்தார். தெருவே பாராட்ட, மாலை போடாத குறையாக நின்றார். சாயங்காலம் பார்த்தால், வண்டியைக் கவனிக்காமல் எரியவிட்டாள் என்று முத்துசெல்வியை நகராட்சியில் வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். ஆபீஸ் லைசென்சில் கை வைத்துவிடுவார்கள் என்று முனகினார். “நீங்க போறீங்களா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுமா” என்று கேட்டேன். பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று நானும் கூடவே போனேன்.

நீ சொன்னது சரியா என்று அங்கே நகராட்சியின் குப்பை பிரிக்கும் கொட்டகையில்தான் தெரிந்தது. அட்டையும் பால் கவரும் பாட்டிலும் தனித்தனியாகக் குவித்து, மறுபடி உருக்கவும் கூழாக்கவும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விற்று வருகிற காசு அங்கே பிரிக்கிற பெண்களுக்குத்தானாம். மிக்சர் பாக்கெட்டை யாரும் வாங்குவதில்லை, சாம்பார் பட்ட பேப்பரையும் சீந்த ஆளில்லை, அவை குழிக்குத்தான். ஆக, நீ சொன்னதில் கால்வாசி சரி. மிச்சம் முக்காலும் அந்தப் பெண்கள் வீட்டு அரிசி.

அப்பா கொட்டகை சூப்பர்வைசர் மணிராஜ் முன்னால் போய் நின்று, “மூட்ட எங்க வீட்டுது தம்பி, அந்தப் பிள்ளைய ஒண்ணும் செஞ்சிராதீங்க” என்றார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை, பெருமையாக இருந்தது, அவரிடம் சொல்லவில்லை. ஆபீசுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, அதை அவர் பார்த்துக்கொள்வார். முத்துசெல்விக்கு வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் நம் கூடையை மட்டும் வாசலில் கொட்டச் சொல்லிக் கிளறிப் பார்த்துத்தான் எடுத்தாள். அப்பா கைகட்டி நிற்பார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பேன். நேற்று அவள் பார்க்காமலே வாங்கினாள். அப்பா விடவில்லை. “தாயி, யார் வீட்டுதயும் பாக்காம வாங்காத” என்று அவரே தரையில் கொட்டிக் காட்டினார்.

எண்ணெய் தேய்த்துக் குளி, ஐஸ்வர்யாவை வேலை வேலை என்று பட்டினி கிடக்க விடாதே. இருவரும் சகல செல்வமும் பெற்று நீடூழி வாழ்க. இனி ஏதாவது யோசனை தோன்றினால் என்னிடம் சொல், நான் பாட்டுக்குக் கேட்காமல் இருந்துகொள்வேன். அப்பாவிடம் சொல்லாதே, நீ சொன்னால் அவர் அப்படியே நம்பிவிடுகிறார்.

ஆசிகளுடன் உன் அம்மா,
முத்துமாரியம்மாள்.