பரிசாவோடு நிற்கப் போகிறேன்

ஹனீன்ட வாப்பா,

நீங்கள் மகளைக் குர்ஆன் ஓதல் வகுப்பிலிருந்து கூட்டி வரும்வரை நிற்க நேரமில்லை. சோறு குக்கரில் இருக்கிறது, மீன் கறியைச் சூடாக்குங்கள். ஹனீனுக்கு இருமல், ஐஸ்கிரீம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஈரான் பெண்களுக்காக டவுன் ஹோல் முன்னால் நடக்கிற போராட்டத்துக்குத்தான் போகிறேன். “ஈரான் பொம்பளைகள்ட பிரச்சினையில உங்களுக்கென்ன வேலை? நீங்க முக்காடு போடுறவங்க, அவங்க அது வேணாங்கிறவங்க” என்று நேற்றுக் கேட்டீர்கள். இரவு வேலைக்குப் போகிற அவசரம், அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிற ஒருவர், தலையில் துணி போட்டவள் தன்னைத் தொடக்கூடாது என்று கத்தினார். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். என்னோடு வேலை செய்கிற ஈரான்காரி பரிசாதான் முன்னால் வந்து, “அவட தலை, அவட விருப்பம்” என்று சொன்னா. முக்காடு சரிந்ததற்காகத் தெஹ்ரானில் பொலிஸிடம் அடி வாங்கியவ அவ. இப்போது பெண்களுக்குச் சம உரிமை கேட்டுக் கையெழுத்துச் சேர்த்த அவட தங்கச்சியை அங்கே பொலிஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்காகப் பேசியவவை இன்றைக்கு எப்படித் தனியாக விடுவது?

மிகவும் களைப்பாக இருக்கிறது. வந்து சண்டை பிடிக்கவும் ஏலாது.

பக்ருன்னிசா

பி.கு.: சப்பாத்துப் போடும்போது பரிசா போன் எடுத்தா. தங்கச்சியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்கிறார்கள் இல்லையாம். “நீ களைச்சிருப்பாய், வர வேணாம்” என்றா. வாறன் என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் அவவையும் இங்கே கூட்டி வருகிறேன். கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். அவவிடம் முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேசுங்கள்.