ஷ்யாமளாவுக்கு ஒரு டார்ச்

30 ஆகஸ்ட் 1987, ஞாயிறு

மலையேறும் கிளப்பின் கமிட்டி இன்று கூடியது. பெண்கள் மட்டுமே போகும் முதல் பயணத்துக்கு லீடர் யார் தெரியுமா? ஷ்யாமளா. என் மனைவி. மாட்டுங்காவில் ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்துகிறவள். கிளப்பில் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பெயரை வாசித்ததும் முதலில் கை தட்டியது நான்தான். நான் மெம்பர்கூட இல்லை, பிஸ்கட் பொட்டலம் தூக்கிக்கொண்டு கூடப் போனவன்.

பதினாலு பெண்கள். இகத்புரிக்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டை. விஜயதசமி லீவில் வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு ராத்திரி தாதரில் வந்து இறங்க வேண்டும். செக்ரட்டரி பஞ்சு ஒரு கண்டிஷன் போட்டான். பஞ்சு என் ஆபீஸ்தான், எனக்கு இளையவன், எங்கள் வீட்டில் பாதி நாள் காபி குடிக்கிறவன். "ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லாரும் தாதர்ல இருக்கணும் மன்னி. இல்லேன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து லேடீஸ் பாட்சுக்கு ஒரு ஆம்பளைதான் லீடர். அப்பறம் என்னைச் சொல்லப்படாது."

"சரி" என்றாள் ஷ்யாமளா. அவ்வளவுதான். நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

கோட்டையிலிருந்து இறங்குகிற வழி முழுக்கக் காடு. எல்லோர் பையிலும் ரெண்டு செல் டார்ச் இருக்கும். ஆனால் முன்னால் போகிறவள் கையில் பெரிதாக ஒன்று வேண்டும், சார்ஜ் பண்ணிக்கொள்ளும்படியாக. வாங்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கும் மலைக்கும் உள்ள சம்பந்தம் மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தோடு சரி. இருந்தால் என்ன, டார்ச் என் டிபார்ட்மெண்ட்.

6 செப்டம்பர், ஞாயிறு

நேற்று கிராஃபர்ட் மார்க்கெட் சந்தில் வாங்கினேன். துபாய்ச் சரக்கு. என் முழங்கை நீளம், கறுப்பு, பார்த்தாலே மரியாதை வரும். மொட்டை மாடியிலிருந்து அடித்தால் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்த புறா தெரிந்தது. கணபதி கரைக்கப் போகிற கூட்டத்தில் ரெண்டு பேர் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஷ்யாமளா வாங்கிப் பார்த்தாள். ஒரு கையால் தூக்கினாள், மணிக்கட்டு சாய்ந்தது. ஸ்விட்சைக் கட்டை விரலால் எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை.

"இதைப் பிடிக்க ரெண்டு கை வேணும். அப்பறம் பாறையை எதால பிடிக்கறது?"

எனக்குக் கோபம். வெயிலில் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தவனிடம் 'நன்னா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ராத்திரி சாப்பிடும்போதுதான் பேசினேன். மோர் வேண்டும் என்று.

8 செப்டம்பர்

திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைக்காரன் என் பத்து வருஷத்து நட்பு என்பதால் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டான். அவள் சொன்னது சரிதான். பாறையை எதால் பிடிப்பது? எனக்கு ஏன் தோன்றவில்லை?

13 செப்டம்பர், ஞாயிறு

இன்று அவளையும் அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். அபுதாஹிரின் பட்டறை. எங்கள் கம்பெனிக் கப்பல்களின் விளக்குகளை அவர்தான் ரிப்பேர் செய்கிறார், புதிதாகவும் செய்து கொடுப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வியாபாரத்தில் படு சூரர், பேச்சிலேயே பாதி சாமானை விற்றுவிடுவார்.

"வாங்க சார், வாங்கம்மா. இந்தா, இதப் பாருங்க. கடல்ல நின்னு இத அடிச்சா கப்பலே திரும்பிப் பாக்கும்லா."

கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு அடித்துக் காட்டினார். சுவர் வெள்ளை வெளேரென்று ஆயிற்று. எனக்கு மனசு அங்கேயே விழுந்துவிட்டது. ஷ்யாமளா கேட்டாள், "இது தீரும்போது எப்படித் தீரும்?"

அபுதாஹிருக்குக் கேள்வி புரியவில்லை. எனக்கும்தான்.

"தீருத வரைக்கும் ராஜா மாதிரி எரியும்மா. தீந்துதுன்னா பட்டுன்னு போயிரும். நிக்கல் செல்லு அப்படித்தான்."

"மெள்ள மங்கறா மாதிரி?"

"இருக்கு. ஈய பாட்டரி போட்டது. மொதல்ல மஞ்சளாவும், பொறவு செவக்கும், இழுத்துக்கிட்டே கெடக்கும். வெளிச்சம் இதுல பாதிதான் தேறும். அத போயி கேக்குதீங்களே?"

"அதுதான் வேணும். போகப்போறேன்னு சொல்லிட்டுப் போகணும்."

நானும் அபுதாஹிரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆம்பிளைகள் ரெண்டு பேருக்கும் ராஜாதான் பிடித்திருந்தது. அவர் இன்னும் ரெண்டு தரம் ராஜாவின் புகழைப் பாடிப் பார்த்தார், நான் கூட ஒத்து ஊதினேன். அவள் மசியவில்லை. கடைசியில் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி விளக்கு வந்தது. மேலே கைப்பிடி. ஸ்விட்சை அவள் கட்டை விரலுக்கு எட்டுகிற இடத்துக்கு மாற்றித் தரச் சொன்னாள். பக்கத்துத் தோல் பட்டறையில் தோளில் மாட்ட ஒரு வாரும் தைத்தாயிற்று.

வரும் வழியில் பஸ்ஸில் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இருபது வருஷமாக இவளோடு குடித்தனம் பண்ணுகிறேன், இப்படி ஒரு கேள்வி கேட்பாள் என்று எனக்குத் தெரியாது.

20 செப்டம்பர், ஞாயிறு

விளக்குக்குப் பரீட்சை நாள். வாளித் தண்ணீரில் முக்கினேன், எரிந்தது. கட்டிலிலிருந்து கீழே போட்டேன், எரிந்தது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் ஆறு மணி நேரம் நல்ல வெளிச்சம், அப்புறம் மஞ்சள். அபுதாஹிர் சொன்னது போலவே.

27 செப்டம்பர்

காய்கறிக்காரி, பாங்க் காஷியர், பார்பர், லிஃப்ட்காரன். என் ஆத்துக்காரி லீடர் என்று நான் சொல்லாத ஆள் மாட்டுங்காவில் பாக்கி இல்லை.

30 செப்டம்பர், புதன்

அஷ்டமி. எங்கள் பாலக்காட்டு வழக்கப்படி சாயங்காலம் பூஜை வைத்தேன். புஸ்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிவிட்டால், விஜயதசமி காலை பூஜை முடிகிற வரை ஒருவரும் எடுக்கக் கூடாது. ஷ்யாமளா கிளப் மீட்டிங் போயிருந்தாள். வருஷா வருஷம் அவளுடைய அட்லஸ், என் பேனா. இந்த வருஷம் அதற்கு மேல் டார்ச்சை வைத்தேன். சந்தனத்தை வழித்து நன்றாக அப்பி, குங்குமம் இட்டு, ஒரு முழம் சாமந்தி சுற்றினேன். லீடருடைய ஆயுதம் அல்லவா?

அவள் வந்து பார்த்தாள். கண் கலங்கியது, நான் பார்த்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள், "சார்ஜ் எப்போ போடறது?"

ஐயோ. போன வாரம் போட்டது. அதற்கப்புறம் தினம் ராத்திரி வருகிறவர்களுக்கெல்லாம் அடித்துக் காட்டியிருக்கிறேன். வெள்ளிதான் விஜயதசமி, அன்று விடியற்காலையே ரயில்.

"எடுத்துடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். பரீட்சைக்கு முதல் நாள் அழுத பசங்ககிட்டகூடப் புஸ்தகத்தை எடுக்கப்படாதுன்னு சொன்னவ நான். எனக்குன்னு வந்தா மாத்திக்கறதா?"

1 அக்டோபர், வியாழன்

வழி கண்டுபிடித்தேன்! டார்ச் நகரக் கூடாது, அவ்வளவுதானே? கரண்ட் நகரலாம். பஞ்சு வீட்டிலிருந்து நீள ஒயர் வாங்கி வந்து, ஹாலிலிருந்து இழுத்து, சாமந்திக்கு அடியில் கையை விட்டு, டார்ச்சைத் துளி அசைக்காமல் பின்னைச் செருகிவிட்டேன். சரஸ்வதிக்கு முன்னால் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறட்டும். ஷ்யாமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மூளையைப் பற்றி நானே பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

2 அக்டோபர், வெள்ளி

விடியற்காலையிலேயே பூஜையை முடித்து எடுத்துக் கொடுத்தேன். தாதரில் பதினாலு பேரும் வரிசையாக நின்றார்கள். சீத்தா கேம்ப்பிலிருந்து வந்த டீச்சர் ஹபீபாதான் எல்லோரிலும் இளையவள். ஷ்யாமளா தோளில் விளக்கை மாட்டிக்கொண்டு தலைகளை எண்ணினாள். ரயில் நகர்கிற வரை பிளாட்பாரத்தில் என்னைப் போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

மத்தியானம்.

பூஜை சாமானை எடுத்து வைக்கும்போது ஒயரைப் பார்த்தேன். பின் முழுக்கச் சந்தனம். காய்ந்து கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அப்பின சந்தனம் டார்ச்சோட துவாரத்துக்குள்ளே போய் அடைச்சிண்டிருக்கு. பின் உள்ளேயே போகலை. ராத்திரி பூரா ஒரு சொட்டு கரண்ட் ஏறலை.

அவ கையில இருக்கறது அரை உயிர். அவளுக்குத் தெரியாது. எப்படிச் சொல்றது? யார்கிட்ட சொல்றது? மலையில என்ன ஃபோனா இருக்கு?

3 அக்டோபர்

பஞ்சுவிடம் சொல்லலாமா? சொன்னால் ஆள் அனுப்புவான். ஆம்பிளை ஆள். அவள் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள். சொல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால்?

சொல்லவில்லை.

4 அக்டோபர், ஞாயிறு

தாதரில் கடைசி ரயில் வரை நின்றேன். வரலை. பதினாலு பேர்ல ஒருத்தரும் வரலை. பஞ்சு பக்கத்தில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் "காலம்பற பாக்கலாம் அண்ணா, போலீசுக்கும் சொல்லலாம்" என்றான். அவனுக்கும் முகம் வெளுத்திருந்தது.

அறிவு கெட்டவனே, உனக்கு எதுக்குடா சந்தனம்?

5 அக்டோபர், திங்கள்

மத்தியானம் வந்தாள். பதினாலு பேரும். ஹபீபா கணுக்காலில் ஒரு துணிக்கட்டு, அதுவும் சுளுக்குதான்.

பிளாட்பாரத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு சந்தனக் கதையைக் கொட்டிவிட்டேன். அவள் சொன்னாள், "தெரியும். கசாரா குகைக்குள்ள ரயில் போறச்சே ஏத்திப் பாத்தேன். அப்பவே பாதி மஞ்சள்."

தெரிந்தேதான் ஏறியிருக்கிறாள். தெரிந்ததால் விளக்கைத் தொடாமலே வைத்திருந்தாள். ஞாயிறு இறங்கும்போது ஹபீபாவுக்குக் கால் பிசகியதில் பாதி வழியிலேயே இருட்டிவிட்டது. கொஞ்ச தூரம் விளக்கோடு நடந்தார்கள். வெளிச்சம் சிவக்க ஆரம்பித்ததும், ரெண்டு செல் டார்ச்சுகளை நம்பி இறங்க வேண்டாம் என்று எல்லோரையும் அங்கேயே ஒரு மாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டாள். கீழே ஊர் விளக்கு தெரிந்ததாம். போயிடலாம் போயிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்களாம். பஞ்சுவின் கண்டிஷன் ஞாபகம் இல்லையா என்று நான் கேட்டேன்.

"அதேதான் ஞாபகம். அதனாலதான் ரெண்டு தரம் யோசிச்சேன். அப்பறம் உக்காருங்கோன்னு சொன்னேன்."

ராத்திரி ரெண்டு மணி. தூங்காமல் அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

11 அக்டோபர், ஞாயிறு

கமிட்டி. பஞ்சு கேட்டான், "மறுநாள் காலம்பற அந்த வழி எப்படி இருந்தது?"

"நன்னா இருந்தது" என்றாள் ஷ்யாமளா. "அகலமான வழி. ஒரு பள்ளம் இல்லை."

"அப்போ ராத்திரியே வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம். அது காலம்பறதான் தெரிஞ்சுது."

விளக்கு ஏன் சார்ஜ் இல்லாமல் போயிற்று என்று யாரோ கேட்டார்கள். அவள் வாயைத் திறக்கிறதற்குள் நான் எழுந்து என் சந்தன மகாத்மியத்தைச் சொல்லிவிட்டேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும். அவள் பேரில் பழி வராமல் இருந்தால் சரி.

பஞ்சு மட்டும் சிரிக்கவில்லை. "கண்டிஷன் கண்டிஷன்தான் மன்னி. அடுத்த வருஷம் ஆம்பளை லீடர்." ஹபீபா எழுந்தாள். "அப்ப எங்க பேர அடிச்சிருங்க சார். மேடம் லீடர்னாத்தான் நாங்க வருவோம்." மற்றவர்களும் தலையாட்டினார்கள். பஞ்சு "பாக்கலாம்" என்று ஃபைலை மூடினான்.

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். கொஞ்சம்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல் இருந்தது.

21 அக்டோபர்

தீபாவளி. பஞ்சு காபிக்கு வரவில்லை.

10 டிசம்பர், வியாழன்

வந்தான். ஆண்கள் பாட்சை ஞாயிற்றுக்கிழமை அவன்தான் அழைத்துக்கொண்டு போகிறான், ஒரே நாளில் ஏறி இறங்க. டார்ச் வேண்டுமாம். என்னைக் கேட்டான். "லீடரைக் கேள்" என்றேன். ஷ்யாமளா முழு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தாள். "பஞ்சு, செவந்தா நிக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அவன் ஹி ஹி என்றான்.

13 டிசம்பர், ஞாயிறு

ராத்திரி பஞ்சு மனைவி வந்து விசாரித்துவிட்டுப் போனாள். அவர்கள் இன்னும் வரவில்லை.

14 டிசம்பர், திங்கள்

பஞ்சு ஆபீசுக்கு வரவில்லை. சாயங்காலம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். தலையெல்லாம் புல். காலையில்தான் இறங்கினார்களாம். விளக்கை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். எங்கே நின்றான், ஏன் நின்றான் என்று நான் கேட்கவில்லை. கேட்க எவ்வளவு ஆசை! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

காபியை முழுக்கக் குடித்த பிறகு சொன்னான், "மன்னி, அடுத்த வருஷம் லேடீஸ் பாட்ச் தேதியை நீங்களே போட்டுடுங்கோ. கிளம்பற தேதி போட்டா போறும். திரும்பற தேதி வேண்டாம்."

"போடாம எப்படி?" என்றாள் ஷ்யாமளா. "நான் வர்ற வரைக்கும் இவர் தாதர் ஸ்டேஷன்லயே நின்னுண்டிருப்பார்."

நிற்பேன்தான்.