விசில் கேட்காத வீடு

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஐப்பசி, 1944

அன்புத் தோழி ரமணிக்கு,

சீதாலெட்சுமி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரர் ஜெயராஜ் அண்ணனும் சுகமாக இருக்க முருகன் துணையிருப்பான்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் என் கணவர்தான். அடையாளம் தெரியாவிட்டால் ஆச்சரியமில்லை. நீ கடைசியாகப் பார்த்த உடம்பில் பாதிதான் மிச்சம். முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார், வற்புறுத்தாதே. குடிக்க ஏதாவது கொடு. இவரைக் கூட்டி வந்த காதர் பாய் லோரியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் கோலாலம்பூர் திரும்ப வேண்டும். பாயை நிறுத்தி வைக்காதே. பிறகு உள்ளறையில் தனியாக உட்கார்ந்து மீதியைப் படி. தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் இத்தனை நாள் உனக்கு மனம்விட்டு ஒன்றும் எழுத முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் நடக்கிறது. காலையில் பிள்ளைகளை ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் வடக்கு நோக்கி நிறுத்திக் குனியச் சொல்கிறேன். ஜப்பான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். பிறகு மைதானத்தில் மரவள்ளி நடுகிறோம். பாதிப் பிள்ளைகளுக்குச் சொறி. அரிசி வந்தால் வந்தது, வராவிட்டால் கிழங்கு.

ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடப் பிடித்துப் போன இவர் சயாமிலிருந்து திரும்பியது உனக்குத் தெரியும். எப்படித் திரும்பினார் என்பது தெரியாது. மலேரியாவோடும் காலில் ஆறாத புண்ணோடும் வந்தார். புண் ஆறியது, காய்ச்சல் நின்றது. ஆனால் விசில் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வார். எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பார். முன்னாலும் தண்டவாளம், பின்னாலும் தண்டவாளம். விடிந்தால் அடைந்தால் ஏதாவது ஒரு இன்ஜின் ஊதிக்கொண்டே இருக்கும். தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த மனிதர், அந்தச் சத்தத்தில் சோறு தின்றவர். வேறு வீட்டுக்கு மாறவும் அனுமதி இல்லை. சயாம் முகாமில் காலையில் விசில் ஊதுவார்களாம். அதற்கு எழுந்திருக்காதவர்களை என்ன செய்வார்கள் என்று அவர் சொல்ல ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார்.

சென்னையில் ஆசிரியப் பயிற்சியில் நாம் படித்த மனோதத்துவ வகுப்பு நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் ஒரு பெண் ஆராய்ச்சியாளர், முயலைக் கண்டு அலறும் ஒரு குழந்தையைக் குணமாக்கிய கதை. குழந்தைக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்களே! “முயலுக்குப் பயப்படற பிள்ளையை நம்ம ஊர்ல காட்டு பார்ப்போம்” என்று நீ சிரித்ததில் மிஸ் உன்னை எழுப்பி நிற்கவைத்தார்கள். அதையே செய்து பார்ப்போம் என்று துணிந்தேன்.

பள்ளி டிரில் விசிலில் பஞ்சு அடைத்தேன். பக்கத்து வீட்டு வீரம்மாவிடம் கொடுத்து, குளியலறைக்குப் பின்னால் நின்று மெல்ல ஊதச் சொன்னேன். அவள் கணவன் சின்னையாவும் இவரோடு சயாமுக்குப் போனவர்தான். இவர் திரும்பினார், அவர் திரும்பவில்லை. வீரம்மா ஒன்றுதான் கேட்டாள். “ஊதறேன் டீச்சர். சார் தெளிஞ்சதும் எங்க வீட்டாளு எங்க இருக்காருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க லா.”

இவருக்குக் கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூவும் கிடைத்த வெல்லமும் போட்டுக் கொடுப்பேன். வாயில் வைக்கும்போது வீரம்மா ஊதுவாள். முதலில் கை நின்றுவிடும். பிறகு மெல்ல அசைபோடுவார். பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். அவளும் குளியலறையிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கும் வந்தாள். ஒருநாள் மதியம் கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போனது. இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “ஸ்டீம் பத்தல, விறகு போட்டு ஓட்டறான்” என்றார். ரமணி, நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அன்று மாலை அவரே வீரம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சின்னையாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, ஒரு காலையில் விசிலுக்கு எழுந்திருக்க முடியவில்லை. இவர்தான் பக்கத்தில் படுத்திருந்தவர். தூக்கிவிடப் பார்த்திருக்கிறார், அதற்குள் ஜப்பான்காரர்கள் தடியோடு வந்துவிட்டார்கள். எங்கே புதைத்தோம் என்பது வரை சொன்னார். வீரம்மா எழுந்து, சேலையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இனி அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் சாப்பாட்டு வேளைக்கு நெற்றியில் பொட்டில்லாமல் வந்து, “விசிலக் குடுங்க டீச்சர். பாதியில விட்டா மறுபடியும் வந்துரும்னு சொன்னீங்களே” என்றாள்.

அவர் வெளியே நடக்க ஆரம்பித்தார். அரிசிக் கியூவில் எனக்குப் பதிலாக நின்றார். அங்கேதான் கார்த்திகேசு அவரைப் பார்த்தார். கார்த்திகேசு ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியாகக் கணக்கெழுதியவர், இப்போது எங்கள் குவாட்டர்ஸுக்கு ஜப்பான்காரர்கள் வைத்த தலைவர். கெட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். “தங்கச்சி, உம்மட மனுசன் இப்ப நல்லா நடமாடுறார் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. சயாம் லைனுக்குப் பாயிண்ட்ஸ்மேன் கேட்கிறாங்கள். ஆள் குடுக்காட்டி என்ர மகனைத்தான் அனுப்ப வேணும். நான் என்ன செய்ய, சொல்லும்?” என்றார்.

பட்டாள டாக்டர் பார்த்து, ஆகாது என்று சொன்னால்தான் தப்பலாம். அதனால் நானே இவரிடம் சொன்னேன், பழையபடி நடுங்குங்கள் என்று. “எனக்கு நடிக்க வராது சீதா” என்றார். வீட்டுக்குள் பழக்கினேன். மூச்சை அடக்குங்கள், தோளை ஒடுக்குங்கள், பல்லைக் கடியுங்கள் என்றேன். வீரம்மா ஊதினாள். எங்களுக்கே சிரிப்பு வந்தது. சயாமுக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஸ்டேஷன் பக்கத்துக் கொட்டகையில் டாக்டர் அவர் காதருகே விசில் ஊதச் சொன்னார். அவர் விழுந்தார். வேட்டி நனைந்தது. டாக்டர் ஆகாது என்று கையை ஆட்டிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவர் “எப்படி என் நடிப்பு?” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் போனவர் மறுநாள்தான் வெளியே வந்தார்.

அதே வகுப்பில் இன்னொன்றும் படித்தோம், நீ எழுந்து சண்டை போட்டாயே. பயந்ததால் நடுங்குவதில்லை, நடுங்குவதால்தான் பயம் வருகிறது என்று ஒருவர் சொன்னாராம். “அப்போ நாடகக்காரங்க எல்லாம் பைத்தியமாத்தானே ஆகணும் மிஸ்?” என்று நீ கேட்டாய். நாடகக்காரர் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவருக்கு வேஷம் போட்ட இடமே வீடு. மாதாமாதம் கூட்டிப் போனார்கள், மாதாமாதம் விழுந்தார். எது நடிப்பு, எது நிஜம் என்று இப்போது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்த முயல் ஆராய்ச்சியில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூண்டை அவசரப்பட்டுக் கொண்டுவந்தால் முயல் மேல் பிரியம் வராது, தின்னும் பண்டத்தின் மேல்தான் பயம் வரும் என்று. அது இங்கே நடந்துவிட்டது. வெல்லம் போட்ட கிழங்கைத் தட்டில் பார்த்தாலே வாசலைப் பார்க்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. போன வாரம் நான் ஊட்டப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “சயாமுக்கே போயிடறேன் சீதா. அங்க பயம் வெளிய நின்னுச்சு. இங்க நாமளே உள்ள வெச்சுப் பூட்டிக்கிறோம்” என்றார்.

குணமாக்கினால் கொண்டுபோகிறார்கள். குணமாக்காவிட்டால் என் கண்முன்னே பட்டினி கிடந்து போய்விடுவார். இந்த மாதப் பரிசோதனை வருவதற்குள் அனுப்பிவிட முடிவு செய்தேன். காதர் பாயிடம் கேட்டேன். “தேங்கா ஏத்தற ஆளுன்னு கூட்டிட்டுப் போறேன் தங்கச்சி. பாலத்துல ஜப்பான் சென்ட்ரி காவல் நிக்கிறான், குனிஞ்சுட்டுப் போயிட்டா ஒண்ணும் கேக்க மாட்டான்” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கிள்ளானைத் தாண்டி உங்கள் தோட்டம் வரை ரயில் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். ஜெயராஜ் அண்ணன் டிரஸ்ஸராக மருந்து கொடுக்கும் தோட்ட ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் போட்டால், காய்ச்சல்காரர் என்று யாரும் கிட்டே வரமாட்டார்கள். தோட்டத்தில் காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு மணிதான் அடிப்பார்கள் என்று நம்புகிறேன். விசில் என்றால் கொஞ்ச நாளைக்கு ஊதாமல் இருக்க முடியுமா என்று கங்காணியைக் கேட்டுப் பார். என்னைப்போல எந்த வைத்தியமும் செய்யாதே. தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடு. கடல் காற்று படும்படி உட்கார்ந்திருக்கட்டும். பேசினால் கேள், பேசாவிட்டால் விடு. மீன் குழம்பு பிடிக்கும்.

நான் ஏன் கூட வரவில்லை என்று நீ கேட்பாய். இங்கே ஒரு வீட்டுக்கு அடுத்த வீடு ஜாமீன். எனக்கு ஜாமீன் வீரம்மா. நானும் போய்விட்டால் பதில் சொல்ல அவளைத்தான் இழுத்துப் போவார்கள். அதனால் நாளைக் காலையில் நானே கார்த்திகேசு வீட்டுக்குப் போவேன். விசில் சத்தம் கேட்டு மிரண்டு ஓடினார், எங்கே போனார் என்று தெரியவில்லை என்று சொல்வேன். அவர் நம்பலாம். அவருக்கு மேலே இருப்பவர்கள் நம்புவார்களா, எப்படி விசாரிப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. நீயும் யோசிக்காதே.

இவரிடம், பள்ளி விடுமுறை விட்டதும் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல். ஜெயராஜ் அண்ணனையும் அதையே சொல்லச் சொல். விடுமுறை முடிந்தும் கேட்டால், அடுத்த விடுமுறை என்று சொல். அவர் நம்பும்வரை சொல்லிக்கொண்டிரு.

உன் பூவும் பொட்டும் நிலைக்கட்டும் ரமணி. உன் வீட்டில் உலை கொதிக்கட்டும். பதில் எழுதாதே, யாரையும் அனுப்பி விசாரிக்காதே. என்னைப் பற்றி நல்ல சேதி இருந்தால் அதை நானே நடந்து வந்து சொல்வேன்.

உன் பிரியமுள்ள,
சீதாலெட்சுமி