விளக்கை அணைத்தால் காட்சி முடியும்

அம்மாவுக்கு,

உன் காலைத் தொட்டு எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? தங்கச்சியைத் தைலம் தேய்த்துவிடச் சொல். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஒரு கூத்து. நான் விளக்குப் போடுகிற நாடகக் குழு காதலைப் பற்றி ஆடியது. எழுதிவைத்த வசனமே கிடையாது. பார்க்க வந்தவர்கள் சொல்வதை அங்கேயே நடிப்பார்கள். நான் விளக்கை அணைத்தால்தான் காட்சி முடியும். நேற்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடிகை மேலே விளக்குக் கூண்டில் இருந்த என்னை அண்ணாந்து பார்த்து, "லைட்டுக்கார அண்ணே, உங்க வீட்டுக் காதலைச் சொல்லுங்க" என்றாள்.

"எங்கப்பா வேலை முடிஞ்சு வந்தா அம்மாவைக் கூப்பிட மாட்டார். வாசல்ல நின்னு செருமுவார், அவ்ளோதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நடிகர் செருமினார். நானும் சிரித்தேன். பிறகு வேலைக்குக் கிளம்புவதுபோல் போனவர், வாசலில் திரும்பி, "கதவைச் சும்மா சாத்தி வை, தாழ்ப்பாள் போடாத. இதோ வந்துர்றேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அப்பா கடைசியாகச் சொன்னது என்று தங்கச்சி போனில் சொன்னாளே, அதேதான். நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை அம்மா.

அணைத்தால் போய்விடுவார். கை வரவில்லை. பேச்சு தீர்ந்தும் அவர் வாசலிலேயே நின்றார். கடைசியில் நடிகை கையைக் காட்டித்தான் அணைத்தேன்.

இங்கே குளிர். அப்பாவின் சால்வையைக் கொடுத்தனுப்பு, துவைக்க வேண்டாம். மணி அடித்துவிட்டார்கள், மேலே ஓட வேண்டும்.

இரவெல்லாம் வாசல் விளக்கை எரியவிடாதே என்று சொன்னேன் அல்லவா? எரியட்டும். தாழ்ப்பாளை மட்டும் போட்டுக்கொள். செருமல் கேட்டால் எழுந்து திறக்கலாம்.

உன் பெரியவன்