ஃபால்ஸ் சீலிங்காரர் வந்தால்

அண்ணா,

மாலை வகுப்புக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் ஆறு மணிக்கு முன்பணம் வாங்க வருவாராம். கொடுக்காதே.

"ஹாலைப் பாத்ததும் வர்றவன் அசந்துடணும்" என்று நேற்று அளந்தாய். நம் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? கேஸ் சிலிண்டர்காரர். அவரும் வாசலோடு போய்விடுகிறார். அவரை அசத்தவா சுற்றிலும் நீல விளக்கு? மூளையைக் கழற்றி எங்கே வைத்தாய்?

இரண்டு கடைகளில் விசாரித்தேன். அந்த முன்பணத்திலேயே குளியலறைக்கு வழுக்காத டைல்ஸும் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டுவிடலாம். நான் தப்பாகவும் கணக்குப் போட்டிருக்கலாம், வழக்கம்தானே. கொத்தனாரை நீயே ஒருமுறை கேள்.

மூளையைப் பற்றிய வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

பி.கு.: இதை அப்பாவிடம் கேட்டுவைக்காதே, கூசிப்போவார். போன வாரம் வழுக்கி விழுந்ததிலிருந்து அவர் குளிப்பதே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறார். நான்கு நாளாக அவருடைய துண்டைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரமே இல்லை.