பிஸ்டன் மேல் களிமண்

மார்ச் 4, செவ்வாய்

கார் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டேன். இன்றும் வேலைக்குப் போகவில்லை.

கம்ப்ரஷன் விகிதம் இப்போது 9.2. அதை 10.2 ஆக்க வேண்டும். டர்போ கிடையாது, பங்கில் கிடைக்கிற சாதா பெட்ரோல்தான். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து இன்ஜின் நாக் அடிக்கும். ஹெட்டின் அடியைச் சீவினால் எரியும் அறை சின்னதாகும், அழுத்தம் கூடும். அவ்வளவுதான்.

மாமனார் வீடு மேட்டில் இருக்கிறது. கடைசி வளைவில் வண்டி முக்கும்போதெல்லாம் என் மனைவி கதவில் கை வைப்பாள். "இறங்கித் தள்ளவா சார்?"

பாப்பா அங்கேதான் இருக்கிறாள், அவள் அம்மா இறந்துபோன நாளிலிருந்து. பத்து வாரம். வண்டி தயாரானதும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

பஸ் இருக்கிறது. தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

லேத் பட்டறை. 1.2 மில்லிமீட்டர் சீவச் சொன்னேன். பட்டறை அண்ணன் ஹெட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு மில்லி போதும் தம்பி. பேராசைப்பட்டா வால்வு எறங்கி வந்து பிஸ்டனுக்கு முத்தம் குடுக்கும்."

சிரித்தார். யாரிடம் சொல்கிறோம் என்று ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். எல்லாரும் இப்படித்தான், என் முன்னால் பாதிப் பாதியாகச் சிரிக்கிறார்கள்.

"எடுங்கண்ணே. களிமண் வச்சுப் பாத்துக்கறேன்."

மார்ச் 9, ஞாயிறு

அத்தை இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. கை முழுக்க கிரீஸ்.

மார்ச் 12, புதன்

ஹெட் வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி சீவியிருக்கிறார்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கக் களிமண் வேண்டும். கடைக்குப் போகச் சோம்பல். பாப்பா கட்டிலுக்கு அடியில் விளையாட்டுக் களிமண் டப்பா இருந்தது. மேலாக இருந்த பச்சையை எடுத்தேன். கொஞ்சம் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து இளக்கினேன். பிஸ்டன் மேல் அப்பி, எண்ணெய் தடவி, ஹெட்டை முறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று.

மறுபடி கழற்றி, களிமண்ணைப் பிளேடால் அறுத்து அளந்தேன். இன்டேக் 2.1. எக்ஸாஸ்ட் 2.6. இடிக்காது.

ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

போனை எடுத்தேன். பாப்பா.

"அப்பா, என் பச்சைப் பூனைய எடுத்துட்டு வா. அம்மா செஞ்சாங்கள்ல, டப்பால இருக்கு."

"சரிடா கண்ணு."

சரின்னு சொல்லிட்டேனே. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? காது இருந்துச்சா அதுக்கு? வால்? கையில எடுத்துப் பிசைஞ்சவன் நான்தானே — ஒண்ணுமே ஞாபகம் இல்ல. 2.1 ஞாபகம் இருக்கு. 2.6 ஞாபகம் இருக்கு. அவ விரல் பட்ட களிமண்ணுடா அது.

குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கினேன். நாலு துண்டு, எண்ணெயோடு. துடைத்து, சேர்த்து உருட்டிப் பார்த்தேன். மூன்று தடவை. மூன்று தடவையும் பன்றி மாதிரிதான் வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

பஸ்ஸில் போனேன்.

பாப்பா களிமண்ணை வாங்கி மோந்து பார்த்தாள். "நாத்தம் அடிக்குது. இது அம்மா செஞ்சது இல்ல."

"அப்பா தெரியாம நசுக்கிட்டேன்டா. இன்ஜினுக்குள்ள வச்சுட்டேன்."

"ஏன்?"

வால்வு, பிஸ்டன், எல்லாம் சொன்னேன். நாலு வயதுக் குழந்தையிடம். கடைசிவரை கேட்டாள். பிறகு அத்தை மடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். "மாப்பிள்ளை, அப்பா எப்ப வரும்னு தினம் கேப்பா. இப்ப பத்து நாளா கேக்கறதில்ல. ஸ்கூல்ல சேக்கணும். இங்கயே சேத்துடட்டுமா?"

"ஹெட்டு மாட்டிட்டா முடிஞ்சுது அத்தை, இன்னும் ஒரே வாரம்—"

"நான் இன்ஜினைக் கேக்கல."

திட்டியிருக்கலாம். குரல் உயரவே இல்லை. பஸ் வருகிற வரை நின்றோம். ஏறும்போது "சேத்துடுங்க" என்றேன்.

மார்ச் 22, சனி

முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. இக்னிஷனை இரண்டு டிகிரி பின்னால் தள்ளினேன். நாக் இல்லை. சுத்தம்.

மார்ச் 30, ஞாயிறு

வண்டி மேட்டை மூன்றாவது கியரிலேயே ஏறியது.

நாளை பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம். மாமா கொண்டுபோய் விடுவார். என் வண்டியின் பின்சீட்டிலிருந்து குழந்தை சீட்டைக் கழற்றி அவர் வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"விடுங்க மாப்பிள்ளை, நான் மாட்டிக்கறேன்."

விடவில்லை. முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை இறுக்கினேன். இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.