வட்டமாக வெட்டிய கொடி

சலீம் பாய் இன்று காலை கடைக்கு வந்து, ஒரு பிளாஸ்டிக் பையைத் தையல் மேசையில் வைத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டார். இருபது வருடம் உன் பக்கத்தில் நின்று டிரம்பெட் ஊதியவர், இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பைக்குள் கையை விடுவதற்கு முன்பே நெடி வந்துவிட்டது. பித்தளை பாலிஷ். உன் சட்டையிலும் விரல் இடுக்கிலும், நீ குடித்துவிட்டு என் மேசையிலேயே வைத்துப் போகும் தேத்தண்ணீர்க் குவளையிலும் எப்போதும் இருந்த அதே நெடி.

உள்ளே நான் தைத்த கொடி இருந்தது. கொடி என்று இப்போது சொல்கிறேன். போன ஆகஸ்டில் இதே வாயால்தான் அதைத் துணி என்றேன்.

பேண்டு வாத்தியக் குழுவின் டியூபாவுக்கு இந்த வருடம் புதிய உறை அச்சடித்து வந்துவிட்டதாம். பழையதை வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை, தூக்கிப் போடவும் பயம். தைத்தவனிடமே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

நம் கிள்ளான் பேண்டில் இருந்தது ஒரே ஒரு டியூபா, அதற்கு இருந்தது நீ ஒருவன். ஆளைச் சுற்றி வளைத்துக்கொண்டு தலைக்கு மேலே அண்டா வாய் போல விரிந்து நிற்கும் பித்தளை. அந்த வாயை நீங்களெல்லாம் 'பெல்' என்பீர்கள். சுதந்திர தின அணிவகுப்பில் பெல்லின் மேல் கொடியைப் போர்த்தினால் படத்தில் நன்றாக விழும் என்று குழுவில் ஒருவர் சொல்ல, எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். நீ மட்டும் ஆட்டாமல் நேராக என் கடைக்கு வந்து குமுறினாய். "கொடி என்ன சட்டி மூடியாடா? வாயைக் கட்டிட்டு வாசின்னா என்னத்த வாசிக்கிறது?"

நான் சிரித்தேன். எனக்கு உன்னைச் சீண்டுவதில் அப்படி ஒரு சுகம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வாசித்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் கொடி தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்து நீ நின்றுவிட்டாய். எல்லாருக்கும் பசி. நீயோ கடைக்காரரிடம் ஏணி கேட்டாய். நீ என்ன கவர்ன்மெண்ட் ஆளா என்று அவர் கேட்டார். நீ ஏறித் திருப்பிக் கட்டிவிட்டு இறங்கும் வரை நாங்கள் வெயிலில் நின்றோம். பொறுக்க முடியாமல், சிவப்பு ஐசிக்காரனுக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீ கை தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "கொடி என் ஐசியக் கேக்கல லா."

யாரும் சிரிக்கவில்லை. சிவப்பு ஐசி என்றால் என்ன என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே நரைத்து, இந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்று சட்டைப் பையில் சிவப்பு அடையாள அட்டை வைத்துக்கொண்டு திரிவது. நீ பிறந்ததை உன் அப்பா ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார். கிராணியிடம் சொன்னால் அரசாங்கத்திடம் சொன்னதாகிவிடும் என்று நம்பினார். நம் தோட்டத்து அப்பாக்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. குடிமக்களுக்கான நீல அட்டைக்கு நீ எத்தனை தடவை மனுப் போட்டாய்! ஒவ்வொரு தடவையும் உன் பிறப்புக்குச் சாட்சி கேட்டார்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் குழு சொன்னதே நடந்தது. வேறு தையல்காரன் கையில் போவதைவிட நானே தைக்கட்டும் என்று நீதான் கொடியைக் கொண்டுவந்து கொடுத்தாய். நீள்சதுரக் கொடியை வட்டமான வாய்க்கு வெட்டினால், மூலையில் இருக்கும் நிலாவும் நட்சத்திரமும் பாதி போய்விடும். அதனால் அவற்றைத் தனியாக எடுத்து நடுவில் வைத்து, கோடுகளைச் சுற்றிலும் ஒட்டுப்போட்டேன். எனக்கு அதில் பெருமை வேறு. நீ வந்து, நிலாவைச் சுற்றியிருந்த ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்தாய். வட்டமாக வெட்டிய பிறகு அது கொடியே இல்லை, வெறும் துணி என்று நான் வாதாடினேன். நீ சொன்னாய்: "நீ வெட்டிட்டா இல்லேன்னு ஆயிடுமாடா?"

அப்போது கொடியைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

காற்றில் பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்துவிடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாய். அதனால் எலாஸ்டிக் போடாமல், நாடா கோத்துப் பெல்லோடு சேர்த்து இறுக்கி, முடிச்சின் மேலேயே ஏழெட்டுத் தையல் போட்டுவிட்டேன். கத்திரிக்கோல் இல்லாமல் யாராலும் கழற்ற முடியாது. ஒத்திகை முடிந்ததும் கடைக்கு வா, நானே பிரித்துத் தருகிறேன் என்றேன்.

வாசிக்காத நேரத்தில் டியூபாவைத் தோளிலிருந்து கழற்றி, பெல்லைத் தரையில் கவிழ்த்துத்தான் வைப்பாய். வேறு மாதிரி வைத்தால் சாய்ந்து நெளிந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் உன் பின்னால் சுற்றியிருக்கிறேன், எத்தனை மைதானங்களில் அப்படிக் கவிழ்த்துவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்து சிகரெட் பிடித்திருக்கிறாய். தைக்கும்போது அது எனக்குத் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை.

ஒத்திகை அன்று யாரோ பெரிய மனிதர் வரவேண்டியிருந்ததாம், வரவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு நிற்க வைத்தவர்களை அப்படியே காக்க வைத்திருக்கிறார்கள். மற்றவர்களெல்லாம் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். நாலு மணி வாக்கில் நீ எனக்கு போன் செய்தாய். எனக்கு முன்கூட்டியே வந்த தீபாவளி ரவிக்கைகள் குவிந்து கிடந்தன, ஒரு அக்கா அளவு சரியில்லை என்று எதிரில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உன் மூச்சு வாங்கியது. வெயிலில் நிற்கிறவனுக்கு வாங்காதா என்று நினைத்தேன்.

"டேய், கத்திரிக்கோல எடுத்துட்டு வாயேன். கீழ வைக்க முடியல."

"வெறும் துணிதான் லா. கீழ வை. யாரு பாக்கப் போறா?"

உன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு நான்தான் வைத்தேன், போனை.

கடையிலிருந்து மைதானம் மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை இந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மீதியை ஆஸ்பத்திரி வராந்தாவில் சலீம் பாய் சொன்னார். இரண்டு பேர் வாங்கிப் பிடித்துக்கொள்ள வந்தார்களாம். கை வலித்தால் கீழே வைத்துவிடுவார்கள் என்று நீ கொடுக்கவில்லையாம். பிறகு முழங்கால் மடிந்திருக்கிறது. முன்பக்கம் விழப்போனவன் உடம்பைத் திருப்பி, மல்லாக்க விழுந்தாயாம். டியூபா உன் மார்மேல் கிடந்தது, பெல் வானத்தைப் பார்த்து. "கொடி மண்ணுல படல, தம்பி," என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார், பாவம். பெல்லிலிருந்த முடிச்சைத் யாரிடமோ தேடி வாங்கிய பேனாக்கத்தியால் அறுத்தவரும் அவர்தான்.

காஜாங்கிலிருந்து உன் தங்கை வந்து சேர நேரமானதால், இறப்பைப் பதிய நான்தான் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகவே பேசினார், ஆன்டி என்று கூப்பிடும் வயது இருக்கும். அச்சடித்த தாளை நீட்டினார். உன் பெயருக்குக் கீழே 'புக்கான் வார்கநெகாரா' என்று இருந்தது. குடிமகன் அல்ல. ஏதாவது தப்பா என்று கேட்டார், நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதால். தப்பு இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் என்னவென்று சண்டை போடுவது? கொடி உன் ஐசியைக் கேட்கவில்லை. தாள் கேட்டது.

உன் தங்கை இன்னும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நீ எனக்குப் போன் செய்ததைப் பாய் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் கடைசியாக உன்னிடம் என்ன சொன்னேன் என்பது என்னைத் தவிர எதிரில் நின்ற அந்த ரவிக்கைக்கார அக்காவுக்குத்தான் தெரியும், அவரும் மறந்திருப்பார்.

இப்போது இது என் முன்னால் கிடக்கிறது. நிலாவுக்குப் பக்கத்தில் உன் வியர்வை காய்ந்த வெள்ளைத் தடம் இருக்கிறது, அல்லது பாலிஷ் கறையாகவும் இருக்கலாம். பழசான கொடியை மறைவாக, மரியாதையாக எரிக்கவேண்டும் என்று நீதான் சொல்வாய். கிள்ளானில் ஒரு தமிழன் கடைப் பின்புறம் உட்கார்ந்து கொடியைக் கொளுத்தினால், அதை மரியாதை என்று யார் நம்புவார்கள்? நீ இருந்தால் இதற்குச் சிரித்திருப்பாய். பிரித்துத் திரும்ப நீள்சதுரமாகத் தைக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். வெட்டி எறிந்த ஓரங்கள் போன வருடமே குப்பைக்குப் போய்விட்டன.

வெளியே தெரு முழுக்கப் புதுக் கொடிகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்க்கடையில் ஒன்று தலைகீழாக இருக்கிறது. காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், எழுந்து போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை.

மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் அளவு கொடுக்க வந்தார். மேசையைக் காலி செய்யவேண்டியிருந்தது. இதை எடுத்து நாற்காலியில் வைக்கப் போனேன், அதில் ஆள் உட்காரும். பெட்டிக்குள் வைக்கலாம் என்றால், அதில் வெட்டுத் துணிகள் கிடக்கின்றன. இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் அளவெடுத்தேன். அங்கிள், அதைக் கீழே வைத்துவிட்டு எடுங்களேன் என்றார் அவர்.

வைக்க முடியவில்லைடா.